விடலைப் பருவத்துக்கு யார் உரிமையாளர்? — கறுப்பின இளையோர் நாவல்கள் குறித்து ஒரு கதைக்காரனின் குறிப்புகள்

கதை எழுதுகிற நம் தோழர்களிடம் யாரைப் படிக்கிறீர்கள் என்று கேட்டால் மளமளவென்று பெயர்கள் வந்து விழும். காஃப்கா, மார்க்வெஸ், போர்ஹெஸ், கொஞ்சம் தள்ளி டோனி மாரிசன். நல்லது, படிக்கட்டும். நானும் படித்தேன். ஆனால் பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையில் உள்ளவர்களுக்கென்று எழுதப்பட்ட நாவல்களை யாராவது படிக்கிறீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "அதெல்லாம் சின்னப் புள்ளைங்க சமாச்சாரம் தோழர்" என்கிறார்கள். இந்தச் சிரிப்புக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

நம்ம தெருவில் விடலைப் பருவம் என்று ஒன்று உண்டா? பொம்பளப் பிள்ளை வயசுக்கு வந்ததும் 'பெரிய மனுஷி'. அதுக்கு மறுவருஷமே தீப்பெட்டி ஆபீஸோ, நூல் மில்லோ, கல்யாணமோ. ஆம்பளப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசில் செங்கல் சூளை, பண்ணை வேலை, பறையடிக்கப் போகிற அப்பனுக்குப் பின்னால் நடை. இன்னொரு பக்கம் பாருங்கள். ஐம்பது வயசு ஆளையும் ஊர்த்தெருக்காரன் 'டேய், வாடா' என்றே கூப்பிடுவான். ஆக, சேரியில் பிறந்தவனுக்கு இளமையும் கிடையாது, முதுமைக்கான மரியாதையும் கிடையாது. பருவம் என்பதே ஒரு சொத்து. நிலம் போல, கிணறு போல, அதுவும் சிலருக்கே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கைக்குக் கிடைத்தவை அம்புலிமாமாவும் கோகுலமும்தான். ராஜா, மந்திரி, வேதாளம், புத்திசாலி ஐயர் வீட்டுப் பையன். ஆசையாகத்தான் படித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கங்களில் எங்க தெரு வரவே இல்லை. எப்போதாவது வந்தாலும் பழைய சட்டையை வாங்கிக்கொள்கிற ஏழைப் பையனாகவோ, குளித்துச் சுத்தமாக இருக்கக் கற்றுக்கொள்கிற பையனாகவோ வந்தது. அவனுக்கு ஒரு மனசு உண்டு, கோபம் உண்டு, காதல் உண்டு என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. அப்புறம் நேராகப் பெரியவர்களுக்கான நாவலுக்குத் தாவினேன். நடுவில் ஒரு அலமாரி காலியாகக் கிடந்தது. அந்தக் காலி அலமாரியை அமெரிக்கக் கறுப்பர்கள் எப்படி நிரப்பினார்கள் என்று தேடிப் போனதில்தான் பின்வரும் விஷயங்கள் கிடைத்தன.

1. அலமாரி எப்படி வந்தது

அமெரிக்காவில் 'டீன் ஏஜ்' என்கிற வகைமாதிரி வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை கிடைக்காத பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிகளில் தங்கினார்கள். குழந்தையும் அல்லாத, தொழிலாளியும் அல்லாத ஒரு கூட்டம் உருவானது. நூலகங்கள் அவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கின. பதிப்பாளர்கள் புத்தகம் போட்டார்கள். 1942-ல் மோரீன் டேலி எழுதிய 'செவன்டீன்த் சம்மர்' நாவலை இந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். 1957-ல் அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று தனிப் பிரிவே தொடங்கியது.

இந்தப் பள்ளிக்கூடப் பருவம் யாருக்குக் கிடைத்தது? தெற்கு மாநிலங்களில் வாரக் குத்தகை நிலத்தில் பருத்தி எடுத்த கறுப்புக் குடும்பத்துப் பிள்ளைக்கு வாய்க்கவில்லை. அவர்களின் பள்ளி பருத்திக்குக் கட்டுப்பட்டது. காடு கூப்பிட்டால் பள்ளி மூடும். நம்ம ஊர்க் கதிரறுப்புக் காலத்தில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு காலியானது போலத்தான். பருவம் ஒரு சொத்து என்று சொன்னேனே, அங்கேயும் அதே கதை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பையனைக் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்பது குற்றச்சாட்டு. அவனுக்கு வயது 14. கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. வெள்ளைப் பையனுக்குக் குறும்பாக மன்னிக்கப்படுவது கறுப்புப் பையனுக்கு மரணதண்டனைக் குற்றம். விடலைப் பருவம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வி வெறும் இலக்கியக் கேள்வி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2. டு பாய்ஸ் நடத்திய பத்திரிகை

அலமாரி வருவதற்கு முன்பே ஒருவர் இதை யோசித்துவிட்டார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். கறுப்பர் விடுதலைப் போராட்டத்தின் மூளை என்று நாம் அறிந்தவர். 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இவருக்குத்தான். ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவைக் கேட்டு எழுதினார், டு பாய்ஸும் பதில் போட்டார்.

'தி கிரைசிஸ்' பத்திரிகையை அவர் நடத்திய காலத்தில் ஆண்டுக்கொரு முறை குழந்தைகள் சிறப்பிதழ் வரும். அதே பத்திரிகையில்தான் எந்த ஊரில் யாரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள், எந்த ஊரில் கலவரம் என்கிற செய்திகளும் வரும். இதைப் படித்த ஒரு சிறுமி வெள்ளையர் மீதான தன் வெறுப்பைக் கொட்டிக் கடிதம் எழுதினாள். டு பாய்ஸுக்கு அது உறைத்தது. உண்மையை மறைக்கவும் கூடாது, பிள்ளையின் நெஞ்சில் வெறுப்பு மட்டுமே மிஞ்சவும் கூடாது. என்ன செய்வது? 1920 ஜனவரியில் 'தி பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழைத் தொடங்கினார். இலக்கிய ஆசிரியராக இருந்தவர் ஜெஸ்ஸி ஃபாசெட் என்கிற கறுப்பினப் பெண். விலை 15 சென்ட். 1921 டிசம்பரோடு நின்றுவிட்டது. மொத்தம் 24 இதழ்கள்.

இரண்டே வருஷம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். பள்ளிப் படிப்பை முடித்திருந்த லாங்ஸ்டன் ஹியூஸ் தன் ஆரம்பகால எழுத்துகளை இந்த இதழில்தான் அச்சில் பார்த்தார். சிறு பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இது புரியும். நின்று போன பத்திரிகை தோற்றுப் போன பத்திரிகை ஆகாது.

அடுத்து ஒரு நூலகர். ஆகஸ்டா பேக்கர். 1937-ல் ஹார்லெம் 135-ஆம் தெருக் கிளை நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு வேலைக்கு வந்தார். அலமாரியில் இருந்த புத்தகங்களைப் புரட்டினால் கறுப்பர் என்றாலே கோமாளி, வேலைக்காரன், பயந்தாங்கொள்ளி. பேச்சைக் கொச்சைப்படுத்தி எழுதியிருந்தார்கள். உதட்டைப் பெருக்கிப் படம் போட்டிருந்தார்கள். 1939-ல் அவர் ஒரு தனிச் சேகரிப்பைத் தொடங்கினார். பேச்சு எப்படி எழுதப்பட்டிருக்கிறது, கதையின் பார்வை என்ன, படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று அளவுகோல் வைத்துச் சலித்தார். தேறியவற்றைப் பட்டியலாக அச்சிட்டார். ஒரு விமர்சகன் செய்ய வேண்டிய வேலையை நூலக ஊழியர் ஒருவர் சத்தமில்லாமல் செய்தார்.

3. ஒரு கணக்கெடுப்பு

1965 செப்டம்பரில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் நான்சி லாரிக் என்ற வெள்ளையினக் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகள் புத்தக உலகம் முழுக்க வெள்ளையர் உலகமாக இருக்கிறது என்பதுதான் தலைப்பே. 63 பதிப்பகங்கள் 1962 முதல் 1964 வரை வெளியிட்ட 5,206 புத்தகங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். அவற்றில் கறுப்பர் ஒருவராவது தென்பட்டவை 349. அதாவது 6.7 சதவீதம். அந்த 349-லும் பாதிக்கு மேல் வேறு நாட்டிலோ, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்திலோ நடக்கிற கதைகள். சமகால அமெரிக்கக் கறுப்பரைப் பற்றிச் சொன்னவை மொத்தத்தில் ஒரு சதவீதம் கூடத் தேறவில்லை.

இந்தக் கணக்கு சும்மா கிடக்கவில்லை. அதே 1965-ல் இனங்களுக்கிடையிலான குழந்தைப் புத்தகங்களுக்கான மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. அச்சில் வராத சிறுபான்மை எழுத்தாளர்களுக்கென்று போட்டி வைத்தார்கள். 1968-ல் அப்படிப் பரிசு பெற்றவர் வால்டர் டீன் மையர்ஸ். அதே போட்டியில் பின்னர் பரிசு பெற்று 1975-ல் 'சாங் ஆஃப் த ட்ரீஸ்' என்ற சிறு நூலோடு வந்தவர் மில்ட்ரெட் டி. டெய்லர். இந்த இருவரும் இல்லாமல் கறுப்பின இளையோர் நாவலைப் பேச முடியாது. எழுத ஆள் இல்லை, அதனால் புத்தகம் இல்லை என்று பதிப்பகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு போட்டி வைத்ததும் ஆள் வந்துவிட்டார்கள். இட ஒதுக்கீட்டு விவாதத்தில் 'தகுதியான ஆள் கிடைக்கலை' என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காது நமக்கு. இந்த இடத்தை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1967 ஒரு முக்கியமான வருஷம். எஸ். ஈ. ஹின்டன் என்ற 18 வயதுப் பெண் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வெளியிட்டார். ஏழை வெள்ளைப் பையன்களுக்கும் பணக்கார வெள்ளைப் பையன்களுக்கும் நடக்கிற தெருச் சண்டை. எழுதியது பெண் என்று தெரியாமலிருக்கப் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். நவீன இளையோர் நாவல் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று எல்லா வரலாறும் சொல்கிறது. அதே வருஷம்தான் வர்ஜீனியா ஹாமில்டனின் முதல் நூல் 'ஸீலி' வந்தது. கறுப்பினச் சிறுமியைப் பற்றிய கதை. அதில் இனக்கொடுமை மையம் இல்லை, கற்பனையும் வியப்பும்தான் மையம். இதே ஹாமில்டன்தான் 1975-ல் 'எம். சி. ஹிக்கின்ஸ், த கிரேட்' நாவலுக்காக நியூபெரி பதக்கம் பெற்றார். 1922 முதல் தரப்பட்டு வந்த பதக்கம் கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்குப் போய்ச் சேர 53 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

4. கதைக்காரன் கண்ணில் நான்கு நாவல்கள்

வரலாறு போதும். எழுதுகிறவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' 1976-ல் வந்தது. அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம். கதை 1933-ல் மிசிசிப்பியில் நடக்கிறது. சொல்பவள் காஸி லோகன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளி திறக்கிற நாளில் கறுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள். எல்லாம் வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்துத் தள்ளியவை. காஸியின் ஆறு வயதுத் தம்பி சுத்தத்தில் ரொம்பக் கண்டிப்பானவன். அழுக்குப் புத்தகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறான். பிறகு உள்ளட்டையில் ஒட்டியிருக்கிற அட்டவணையைப் படிக்கிறான். எந்த வருஷம், எந்த நிலையில், எந்த இன மாணவனுக்குத் தரப்பட்டது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. புத்தகம் புதிதாக இருந்தபோது வெள்ளை. மிக மோசமான நிலைக்கு வந்தபோது அவன் இனத்தைக் குறிக்கும் இழிசொல். பையன் புத்தகத்தைக் கீழே எறிந்து மிதிக்கிறான். டீச்சர் அடிக்கிறாள். அடிக்கிற டீச்சரும் கறுப்பர்தான். காஸியின் அம்மாவும் அதே பள்ளியில் டீச்சர். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோந்து தடவித் தாளால் அந்த அட்டவணையை மூடி ஒட்டுகிறாள்.

இந்தக் காட்சியில் ஒரு சொற்பொழிவு கிடையாது. இனவெறி என்கிற சொல்லே தேவைப்படவில்லை. ஒரு அட்டவணை, ஒரு மிதி, கொஞ்சம் கோந்து. அடங்கிப் போகிற டீச்சர், எதிர்க்கிற டீச்சர் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில். நம்ம கதைகளில் மூன்று பக்கத்துக்கு வசனம் பேசி நாம் சொல்ல முயல்வதை இந்தம்மா ஒரு பழைய புத்தகத்தின் உள்ளட்டையை வைத்துச் சொல்லிவிடுகிறார். நான் இந்த நாவலைச் சென்னையில் நடைபாதைக் கடையில் வாங்கினேன். அமெரிக்கப் பள்ளி நூலகம் ஒன்று கழித்துப் போட்ட பிரதி. உள்ளட்டையில் அட்டை செருகுகிற பை, அதன்மேல் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரை. கழித்துப் போட்ட புத்தகங்கள் மூட்டைமூட்டையாகக் கப்பலேறி நம் நடைபாதைக்கு வருகின்றன. நமக்குக் கிடைப்பதும் அப்படித்தான் கிடைக்கிறது.

இரண்டாவது, ஆலிஸ் சில்ட்ரஸின் 'எ ஹீரோ எய்ன்ட் நத்திங் பட் எ சாண்ட்விச்', 1973. பெஞ்சி என்ற 13 வயதுப் பையன் ஹெராயினுக்கு அடிமையாகிறான். அவன் ஒரு அத்தியாயம் பேசுகிறான். அம்மா பேசுகிறாள், பாட்டி பேசுகிறாள், வீட்டோடு வந்து சேர்ந்த மாற்றாந்தகப்பன் பேசுகிறான், வாத்தியார்கள் பேசுகிறார்கள், போதைப்பொருள் விற்கிறவனும் பேசுகிறான். ஒவ்வொருவரும் தன் பேச்சு மொழியில். தலைப்பிலேயே 'இலக்கணப் பிழை' இருக்கிறது பாருங்கள். சேரி மொழியில் எழுதினால் கொச்சை என்று நமக்குப் பாடம் நடத்துகிற பண்டிதர்கள் இந்தத் தலைப்பைப் பார்க்க வேண்டும். முக்கியமானது என்னவென்றால், பெஞ்சி மீண்டானா இல்லையா என்று சில்ட்ரஸ் சொல்லவில்லை. மறுவாழ்வு மையத்தின் வாசலில் தகப்பன் காத்து நிற்கிறான், நாவல் முடிகிறது. பையனுக்குப் புத்தி சொல்லி முடிக்கிற வழக்கத்தை உடைத்துவிட்டார்.

மூன்றாவது, ரோசா கய் எழுதிய 'தி ஃப்ரெண்ட்ஸ்', அதுவும் 1973. டிரினிடாடில் பிறந்தவர் இவர். மேற்கிந்தியத் தீவிலிருந்து ஹார்லெமுக்கு வந்த ஃபிலிசியா என்ற சிறுமியைப் பள்ளியில் எல்லோரும் அடிக்கிறார்கள். எடித் என்ற ஏழைப் பெண் மட்டும் கூட நிற்கிறாள். எடித்தின் காலுறை கிழிசல், உடம்பில் அழுக்கு. ஃபிலிசியாவின் தகப்பன் ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி, பெருமைக்காரன். மகள் தன் தோழிக்காக வெட்கப்படுகிறாள். கறுப்பருக்குள்ளேயே மேல் கீழ் பார்க்கிற நோயைக் கறுப்பினப் பெண் ஒருவர், கறுப்புப் பிள்ளைகளுக்கென்றே எழுதுகிறார். 'எதிரி கையில் ஆயுதம் கொடுக்கிறோமே' என்று அவர் தயங்கவில்லை. நமக்குள்ளும் உட்சாதிக் கணக்கு இருக்கிறதுதானே? பறையர் வீட்டில் அருந்ததியப் பிள்ளை தண்ணி கேட்டால் எந்தச் சொம்பு வருகிறது? இதை எழுத வேண்டிய வயசுக்காரர்களுக்காக எழுதினோமா?

நான்காவது, வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்', 1999. அடுத்த ஆண்டு முதன்முதலாகத் தரப்பட்ட பிரின்ட்ஸ் விருதைப் பெற்றது. ஹார்லெமில் மருந்துக் கடைக் கொள்ளையில் கடைக்காரர் செத்துப் போகிறார். வேவு பார்த்ததாக 16 வயது ஸ்டீவ் ஹார்மன் கூண்டில் நிற்கிறான். அரசு வழக்கறிஞர் இவர்களை அரக்கர்கள் என்கிறார். சினிமா எடுக்க ஆசைப்படுகிற பையன் தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான். நடுநடுவே சிறையில் எழுதிய நாட்குறிப்பு. அவன் கடைக்குள் போனானா, என்ன செய்தான் என்பது வாசகனுக்கு முழுசாகத் தெளியாது. விடுதலையாகிறான். சந்தோஷத்தில் தன் வழக்கறிஞரைக் கட்டிக்கொள்ளக் கையை விரிக்கிறான். அந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிக்கொள்கிறார். சட்டம் விட்டுவிட்டது, பார்வை விடவில்லை. சாட்சி, குறுக்கு விசாரணை, நாட்குறிப்பு என்று ஆவணங்களால் ஒரு நாவலைக் கட்ட முடியும் என்பதற்கு இது நல்ல பாடம். வழக்குக் கட்டுகள் நம்ம மக்களிடம் குறைவா என்ன?

மையர்ஸின் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். 1937-ல் பிறந்தவர். ஹார்லெமில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். பேச்சு திக்கும். புத்தகப் பைத்தியம். பதின்பருவத்தில் தான் படிக்கிற எந்தப் புத்தகத்திலும் தன்னைப் போன்ற ஆள் இல்லை என்று உறைத்தபோது வாசிப்பு கசந்து போனது. பள்ளியை விட்டுவிட்டு 17 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு ஜேம்ஸ் பால்ட்வினின் 'சன்னிஸ் ப்ளூஸ்' கதையைப் படித்தபோதுதான், தான் வாழ்ந்த தெருவும் எழுதத் தக்கது என்கிற அனுமதி கிடைத்ததாக 2014-ல் எழுதினார். அதே ஆண்டு இறந்து போனார்.

5. பட்டியல்கள் இரண்டு வகை

இத்தகைய நாவல்களை எப்படித் தேடுவது என்று இளம் எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். வழி இருக்கிறது. ஒன்று, பரிசுப் பட்டியல். கறுப்பின எழுத்தாளர்களுக்கென்று 1969-ல் நிறுவப்பட்டு 1970 முதல் தரப்படுகிற கொரெட்டா ஸ்காட் கிங் விருதின் பட்டியலை எடுத்துக்கொண்டு வரிசையாகப் படிக்கலாம். இரண்டாவது பட்டியல் இன்னும் நம்பகமானது. தடை செய்யப்பட்ட புத்தகங்களின் பட்டியல்.

1976-ல் நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்கிற பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழு, நூலக அலமாரியிலிருந்து சில புத்தகங்களைத் தூக்கியது. அவற்றில் சில்ட்ரஸின் நாவல் இருந்தது. ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்' இருந்தது. லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பர் சிறுகதைத் தொகுப்பும் இருந்தது. 'பிரவுனீஸ் புக்'கில் எழுதத் தொடங்கிய அதே ஹியூஸ்தான். ஸ்டீவன் பிகோ என்ற 17 வயது மாணவர் வேறு சில மாணவர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் தீர்ப்பு வந்தது. ஒரு புத்தகத்தின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நிர்வாகம் அதை நூலகத்திலிருந்து அகற்ற முடியாது என்றார்கள் அதை எழுதிய நீதிபதிகள். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் போட்ட வழக்கில்லை இது. படிக்கிற பிள்ளைகளே போட்ட வழக்கு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் புத்தக மையம் 1985-ல் எண்ணிப் பார்த்தது. அந்த ஆண்டு வெளியான சுமார் 2,500 புத்தகங்களில் கறுப்பர்கள் எழுதியோ வரைந்தோ வந்தவை 18. விரலை மடக்கி எண்ணிவிடலாம். 2013-ல் பார்த்த 3,200 புத்தகங்களில் கறுப்பர்களைப் பற்றியவை 93. இந்தக் கணக்கை வைத்துத்தான் மையர்ஸ் சாகும் முன் அந்தக் கட்டுரையை எழுதினார். 2017-ல் ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' வந்து விற்பனையில் முதலிடம் பிடித்தது. போலீஸ் சுட்டுக் கொன்ற தோழனுக்காகச் சாட்சி சொல்கிற 16 வயதுப் பெண்ணின் கதை. உடனே பள்ளிகளிலிருந்து அதை எடுக்கச் சொல்லிக் கூச்சலும் கிளம்பியது. எண்ணிக்கை கூடும்போது தடையும் கூடுகிறது. இது அங்கே உள்ள விதி மட்டும் இல்லை.

ருடின் சிம்ஸ் பிஷப் என்ற கறுப்பினப் பேராசிரியர் 1990-ல் ஒரு விஷயம் சொன்னார். புத்தகம் சிலருக்குக் கண்ணாடி, சிலருக்கு ஜன்னல், சில சமயம் நடந்து போகிற கதவு. கறுப்புப் பிள்ளைக்குத் தன் முகம் தெரிய வேண்டும். வெள்ளைப் பிள்ளைக்கு எப்போதும் தன் முகமே தெரிவதும் ஆபத்து. இந்த இரண்டாவது பாதியை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். ஊர்த்தெருப் பையனுக்கு ஜன்னல் இல்லாமல் போனதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

6. நம்ம அலமாரி

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிற சிதம்பரத்துக்கு வயது பதினைந்துதான். அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல். கிழங்கு பறிப்பது, கஞ்சி காய்ச்சுவது, அப்பனிடம் கதை கேட்பது என்று ஒரு பையனின் கண்ணும் வயிறும் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் வந்திருந்தால் இதை இளையோர் அலமாரியில் வைத்துப் பள்ளிதோறும் படித்திருப்பார்கள். இங்கே பெரியவர்களுக்கான நாவலாகவே அது இருந்தது. 2019-ல் 'அசுரன்' படமாக வந்த பிறகுதான் விடலைப் பையன்கள் பலர் அதன் பேரைக் கேட்டார்கள். சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989. கௌரி என்ற படிக்கிற பெண், தலைவனாக இருக்கிற தகப்பனையே கேள்வி கேட்கிறாள். பாமாவின் 'கருக்கு' 1992. பள்ளிக்கூடமும் விடுதியும் அதில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன!

இவற்றுக்கெல்லாம் முன்னோடி அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. 1901-ல் ஒன்பது வயதுப் பையன் அண்ணனோடும் அக்கா பையனோடும் சதாராவிலிருந்து தகப்பனைப் பார்க்க ரயிலேறிப் போகிறான். புதுச் சட்டை, தலையில் தொப்பி. மசூர் நிலையத்தில் இறங்கியதும் மகார் பிள்ளைகள் என்று தெரிந்து வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, தாங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. ராத்திரி முழுக்கப் பசியோடு கிடக்கிறார்கள். இதைப் பெரியவர் ஒருவரின் அரசியல் ஆவணமாகவே நாம் மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு இது முதல் தரமான இளையோர் கதையாகத் தெரிகிறது. 2011-ல் துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும் கோண்டு ஓவியங்களால் இதை 'பீமாயணா' என்ற சித்திரக் கதையாக ஆக்கினார்கள். அந்தக் கலைஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆக, விதை இருக்கிறது, அலமாரி இல்லை. தேர்ந்தெடுத்துச் சலித்துப் பட்டியல் போட ஒரு ஆகஸ்டா பேக்கர் இல்லை. பள்ளி நூலகத்தில் தலித் நாவல் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது.

இதெல்லாம் அவசரமான வேலையா என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். கையில் சாதிக் கயிறு கட்டி வருகிற பிள்ளைகளைப் பற்றி விசாரித்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. கயிறை அறுக்கச் சொல்லலாம், பொட்டை அழிக்கச் சொல்லலாம், செய்ய வேண்டியதுதான். ஆனால் அரிவாள் எடுத்த கைக்குப் பதினேழு வயசு வரை தன் முகம் தவிர வேறு முகம் காட்டாத பாடப்புத்தகத்தையும் பத்திரிகையையும் கதையையும் யார் விசாரிப்பது? நாவல் படித்தால் சாதி ஒழிந்துவிடும் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. அந்த வயசில் பையன்கள் கதையில்லாமல் இருப்பதில்லை. நாம் சொல்லாவிட்டால் சாதிச் சங்கம் சொல்லும், ஃபிளெக்ஸ் பேனர் சொல்லும், வீரவம்சப் பாட்டு சொல்லும்.

1972-ல் மும்பையில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கவிதையும் கோபமும் அப்படி நமக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்கு எழுதுகிற வேலை வந்து சேரவில்லை. இனி வரட்டும். மொழிபெயர்க்கத் தெரிந்த தோழர்கள் டெய்லரிலிருந்து தொடங்குங்கள். மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம்ம தெருக்களில் மாலையில் டியூஷன் நடத்துகிற தோழர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். புத்தகத்தை மிதித்த அந்த ஆறு வயசுப் பையனின் கதையை வாயாலேயே சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், உன் பள்ளிக்கூடத்தில் இப்படி ஏதாவது நடந்திருக்கா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதியவர்கள் இந்த இதழுக்கு அனுப்புங்கள். நமக்கான அலமாரியின் முதல் தட்டு அந்த நோட்டுகளாக இருக்கட்டும்.